பீமன் இளைத்த கதை

2024 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, அக்கா பையன் ஒரு குட்டி லோடு வண்டியில் வந்து இறங்கினான். பின்னாலேயே இரண்டரை அடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, இரண்டு பேர் தாங்கலாக இறங்கியது. தொட்டியில் தண்ணீர் இல்லை. தண்ணீரும், தண்ணீரில் இருக்கவேண்டியவரும் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அவன் மடியிலேயே பிரயாணம் செய்திருந்தார்கள்.

"மாமா, ஆன்சைட் கிடைச்சிருக்கு. ஃபிராங்க்ஃபர்ட். அஞ்சு மாசம். பீமாவை மட்டும் நீங்க பார்த்துக்கணும்."

டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தேன். ரோஜா நிறத்தில், ஒரு ஜாண் நீளத்தில் படுத்திருந்தது. நாலு கால். வால் மீனுடையது மாதிரி. கழுத்துக்கு இரண்டு பக்கமும் மும்மூன்றாகச் சிவப்பு இறகுகள். இமையே இல்லாத கண். முகத்தில் ஒரு புன்னகை. கல்யாண ரிசப்ஷனில் மூன்றாவது மணி நேரமாக மேடையில் நிற்கிற மாப்பிள்ளையிடம் அந்தப் புன்னகையைப் பார்த்திருப்பீர்கள்.

"என்னடா இது, பல்லியா?" என்றாள் என் மனைவி.

"ஆக்ஸலாட்டில் அத்தை. சாலமாண்டர் ஜாதி. கடிக்காது."

"கடிச்சா என்ன, கடிக்காட்டி என்ன. சமையல்கட்டுப் பக்கம் வரக்கூடாது."

கொளத்தூர் பக்கம் வண்ண மீன் பார்க்கப் போனவன், கடையில் இது சிரிப்பதைப் பார்த்து முதல் இன்க்ரிமென்ட்டில் வாங்கிவிட்டானாம். இந்த வயதில் சிரிப்பைப் பார்த்து மயங்கி இதைவிடப் பெரிய செலவுகளில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும் என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. வெளிநாட்டு அபூர்வ உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசாங்கத்திடம் பதிவு செய்யவேண்டும் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு விதி போட்டிருந்தது. பையன் அதையும் செய்துவிட்டுத்தான் வந்திருந்தான். பொறுப்பான பிள்ளை. போகும்போது என் கையில் இரண்டு பக்கத்துக்கு டைப் அடித்த குறிப்பு ஒன்றைக் கொடுத்தான்.

அதில் முதல் நாலு வரியை நான் படித்தேன். மீதியை நிதானமாகப் படிக்கலாம் என்று டி.வி.க்குக் கீழே வைத்தேன். ஐந்து வாரம் அது அங்கேயே இருந்தது.

இந்த பிராணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் மெக்ஸிகோ. அதிலும் மெக்ஸிகோ நகரத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கும் ஸோச்சிமில்கோ என்ற ஏரி, கால்வாய்ப் பகுதி மட்டும்தான். பக்கத்தில் சால்கோ என்று இன்னொரு ஏரி இருந்தது, அதை வற்றவைத்துவிட்டார்கள். தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவம் இருக்கிறதல்லவா, அதுபோல பல சாலமாண்டர்களுக்கும் தண்ணீரில் செவுளோடு ஒரு பால்ய பருவம் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை வளர்ந்து கரையேறிவிடும். இது ஏறாது. செவுளோடு, சிரிப்போடு தண்ணீருக்குள்ளேயே கிடந்து, அங்கேயே பெரிய ஆளாகி, குடும்பமும் நடத்திவிடும். கால் வெட்டுப்பட்டால் புதுக் கால் முளைக்கும். வால், முதுகுத்தண்டு, இருதயத்தில் ஒரு பகுதி, மூளையில் ஒரு பகுதி போனாலும் திரும்ப வளர்த்துக்கொள்ளும்.

1864-ல் மெக்ஸிகோவிலிருந்து 34 ஆக்ஸலாட்டில்கள் பாரிஸுக்குக் கப்பலேறி வந்தன. அதில் ஆறு, ஆகுஸ்ட் துமேரில் என்ற விலங்கியல் பேராசிரியர் கைக்குப் போயின. அவர் அவற்றைப் பெருக்கி ஐரோப்பா பூராவும் பரிசோதனைச் சாலைகளுக்குப் பங்கு கொடுத்தார். இன்று உலகெங்கும் தொட்டிகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் அந்தப் பாரிஸ் குடும்பம்தான். சொந்த ஊரில் நிலைமை வேறு. 1998 கணக்கெடுப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தது, 2014-ல் 36. நகரத்துச் சாக்கடையும், மனிதர்கள் கொண்டுவந்து விட்ட கெண்டை, திலேப்பியா மீன்களும் பார்த்த வேலை. 2021-ல் மெக்ஸிகோவின் மத்திய வங்கி 50 பெசோ நோட்டில் இதன் படத்தைப் போட்டது. மரியாதைதான். ஆனால், படம் போடுகிற அளவுக்கு ஒருவரை மதிக்கிறார்கள் என்றால் கொஞ்சம் பயப்படவேண்டியிருக்கிறது.

இதில் எனக்கு உறைத்திருக்கவேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. மெக்ஸிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். நம் ஊட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தான். அதாவது ஓர் ஊட்டிக்காரரை ஏப்ரல் மாதம் நங்கநல்லூருக்கு அழைத்துவந்து, ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறேன்.

குறிப்பில், "ஏ.சி. ரூமில் வைக்கவும்" என்று ஐந்தாவது வரியில் கொட்டை எழுத்தில் இருந்தது. நான் நான்கு வரிதான் படித்தேன் என்று சொன்னேனே!

இரண்டாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. அது வருஷத்துக்கு இரண்டு முறை வரும். ஃபேன் றெக்கை துடைத்தேன், செருப்பு ஸ்டாண்டைக் கழுவினேன், அதே கையோடு தொட்டியில் இருந்த ஃபில்டரையும் கழற்றினேன். உள்ளே ஸ்பாஞ்சு பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று இருந்தது. "இவ்வளவு அழுக்கிலயா அந்த ஜீவன் இருக்கு!" என்று மனம் பதைத்து, குழாயைத் திறந்துவிட்டுப் பிழி பிழி என்று பிழிந்து, வெள்ளை வெளேரென்று ஆக்கி மாட்டினேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளே பாராட்டினாள். அதிலிருந்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

அடுத்த வாரத்திலிருந்து பீமா சரியாகச் சாப்பிடவில்லை. உருண்டைத் தீனியைப் போட்டால் மூக்கு மேலேயே விழுந்தாலும் அசையாது. 'வெயில் காலம், மனுஷனுக்கே சாப்பாடு இறங்கமாட்டேங்குது' என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிடாத குழந்தைக்கு நாம் என்ன செய்வோம்? இன்னும் கொஞ்சம் போடுவோம். நானும் போட்டேன். அது கீழே விழுந்து ஊறி, வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

முகத்தைப் பார்த்தால் அதே சிரிப்பு.

கண்டுபிடித்தது மனைவிதான். மே மாதம் மூன்றாவது வாரம். சீரியலுக்கு நடுவே விளம்பரம் போட்ட நேரத்தில் தொட்டியைப் பார்த்தவள், "ஏங்க, இதுக்குத் தலை பெருசாயிட்டே போகுதே, வியாதியா?" என்றாள்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். தலை அப்படியேதான் இருந்தது. உடம்புதான் இல்லை. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே பென்சில் மாதிரி ஆகியிருந்தது. வால் நுனி கொக்கி போல வளைந்து கிடந்தது. இறகுச் செவுள்களில் முடி உதிர்ந்து, பழைய பல் துலக்கும் பிரஷ் மாதிரி மொட்டையாக நின்றன. டி.வி.க்குக் கீழே இருந்த குறிப்பை அப்போதுதான் எடுத்தேன்.

"வயிற்றின் அகலம் தலையின் அகலத்துக்குச் சமமாக இருக்கவேண்டும். குறைந்தால் உடனே எனக்குச் சொல்லவும். கிளம்பும்போது எடை 94 கிராம்."

எடை பார்க்க வீட்டில் இருந்த ஒரே கருவி, மனைவி கேக் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு. அவள் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு வந்தேன். டப்பாவில் பாதி தண்ணீர் வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கி, பிறகு பீமாவை இன்னொரு சின்ன டப்பாவால் மெதுவாக மொண்டு, கூட வந்த தண்ணீரை வடித்துவிட்டு உள்ளே விடவேண்டும். வலை போட்டால் செவுள் மாட்டிக் கிழியும். கையால் பிடித்தால் அதன் மேல் தோலில் இருக்கும் வழவழப்பு போய்விடும். மூன்று முயற்சிக்குப் பிறகு தராசு ஓர் எண்ணில் நின்றது.

68.

கால் பங்குக்கு மேல் காணோம். என்னை நம்பி ஒருவன் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த உயிரில் கால் பங்குக்கு மேல் காணோம். மனைவி தராசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று இரவு பையன் வாட்ஸப்பில் வீடியோ கால் செய்தான். ஞாயிறு தவறாமல் செய்வான். "பீமா எப்படி இருக்கான் மாமா?" நான் போனைத் தொட்டிக்கு முன்னால், முகத்துக்கு நேராக மட்டும் பிடித்தேன். பீமா சிரித்தது. "சூப்பர் மாமா!" என்று அவனும் சிரித்தான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "இவன் ஏன் எப்பவும் கழுத்து வரைக்கும்தான் தெரியறான்?" என்று மனைவி கேட்டாள். "போன் ஸ்டாண்டு அப்படி" என்றேன்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'உறவினர் உடல்நலக் குறைவு' என்று எழுதினேன். முதலில் ஒரு மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பசி டானிக் இருக்கு சார், பத்து சொட்டு விடுங்க. கூடவே இருபது பொடி கோல்டு ஃபிஷ் போட்டுடுங்க, துரத்தித் துரத்திச் சாப்பிடும், ஒரே வாரத்துல கும்முனு ஆயிடும்" என்றார். பர்ஸையும் எடுத்துவிட்டேன். என்னவோ தடுத்தது. (தடுத்தது, அவர் கடையில் இருந்த ஆக்ஸலாட்டிலின் இடுப்பு.)

நாய், பூனை டாக்டர்கள் இரண்டு பேரிடம் போன் பண்ணினேன். ஒருவர் பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னார். இன்னொருவர் சிரித்தார். கடைசியில் ஆமை, கிளி, பாம்பு எல்லாம் பார்க்கிற ஓர் இளம் பெண் டாக்டர் கிடைத்தார். பீமாவைத் தொட்டித் தண்ணீரோடு டப்பாவில் எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் பீமாவைப் பார்ப்பதற்கு முன் அது இருந்த தண்ணீரைத்தான் பார்த்தார். சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, இரண்டு பாட்டிலிலிருந்து சொட்டு விட்டுக் குலுக்கி, ஐந்து நிமிஷம் வைத்தார். மஞ்சளாக இருக்கவேண்டிய தண்ணீர் வேப்பிலை நிறத்துக்கு வந்தது.

"அமோனியா. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவினீங்களா சார்?"

கொலை நடந்த இடத்தில் நிற்கிறவன் மாதிரி நின்றேன்.

விஷயம் இதுதான். பிராணியின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் தண்ணீரில் அமோனியா சேரும். அது விஷம். ஸ்பாஞ்சில் இருக்கும் ஒரு வகை பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இந்த ஊழியர்கள் எல்லாரும் குடியிருந்ததுதான் அந்தப் பழுப்புக் கொழகொழ. நான் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் பிழிந்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மொத்த ஸ்டாஃபையும் டிஸ்மிஸ் செய்துவிட்டேன். புதிதாக ஆள் சேர்ந்து வேலை பழக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஸ்பாஞ்சைச் சுத்தம் செய்யவேண்டுமானால், தொட்டியிலிருந்தே ஒரு மக் தண்ணீர் எடுத்து அதில் லேசாக அலசவேண்டுமாம். பளிச்சென்று ஆகக்கூடாதாம்.

"தண்ணி எத்தனை டிகிரியில இருக்கு?"

"மதியத்துல 28, 29..."

"16-லேர்ந்து 18 இருக்கணும். 24 தாண்டினாலே அதுக்கு அவஸ்தை."

நமக்கு வெயிலில் பசி குறைகிற கணக்கு இதற்குப் பொருந்தாது என்றார் டாக்டர். நம் உடம்புக்குச் சொந்தச் சூடு உண்டு. இதற்கு, தண்ணீரின் சூடுதான் உடம்பின் சூடு. தண்ணீர் சூடானால் உள்ளே எரிகிற வேகம் கூடிவிடும். அதே சமயம் சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகத்தான் கரையும், அமோனியாவின் விஷமும் ஏறும். அவஸ்தையில் சாப்பிடுவதை நிறுத்திவிடும். சம்பளம் நின்றுபோன மாதத்தில் இ.எம்.ஐ. இரண்டு மடங்கானால் என்ன ஆகும்? சேமிப்பைத்தான் தின்னவேண்டும். பீமா ஐந்து வாரமாகத் தன்னையே தின்றுகொண்டிருந்தது.

"அப்ப டானிக் எதாவது..."

"சார், பசிக்கு மருந்து கேக்காதீங்க. தண்ணியைச் சரி பண்ணுங்க. பசி தானா வரும்."

வயிற்றில் கல் அடைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். இதற்குச் சொல்லிக்கொள்ளும்படி பல் கிடையாது. இரையை வாயால் 'லபக்'கென்று தண்ணீரோடு உறிஞ்சும். கீழே கூழாங்கல் போட்டிருந்தால் அதையும் உறிஞ்சிவிடும், வயிறு அடைத்துக்கொள்ளும். நல்லவேளை, பையன் அடியில் ஒன்றுமே போடவில்லை. கழிவைக் கொண்டுவரச் சொல்லி நுண்ணோக்கியில் பார்த்ததில் புழு பூச்சி எதுவும் இல்லை. கோல்டு ஃபிஷ் யோசனையைச் சொன்னேன். முறைத்தார். கடை மீனோடு கடையின் வியாதியும் சேர்ந்து வரும். தப்பித்த மீன் இதன் செவுளைக் கடிக்கும். அதோடு அந்த மீனின் உடம்பில் இருக்கும் ஒரு சரக்கு, வைட்டமின் பி1-ஐயே அழித்துவிடுமாம்.

வீட்டுக்கு வந்ததும் பீமாவுக்கு ஆஸ்பத்திரி வார்டு தயாரானது. இருபது லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றவேண்டும்; பெரிய தொட்டியில் பாக்டீரியாக்கள் மறுபடி டூட்டியில் சேரும்வரை இங்கேதான் வாசம். முதல் நாள் ரொம்ப உஷாராகக் கேன் தண்ணீரை ஊற்றப் போனேன். டாக்டர் போனிலேயே கத்தினார். கேன் தண்ணீரில் உப்புச் சத்தையெல்லாம் வடிகட்டி எடுத்திருப்பார்கள்; இதற்குக் கொஞ்சம் கடினத் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும். மெட்ரோ தண்ணீரைப் பிடித்து, குளோரினை முறிக்கும் சொட்டு மருந்து விட்டு, இருக்கிற தண்ணீரின் சூட்டுக்குச் சமமாக்கிய பிறகு மாற்று என்றார்.

வார்டு எங்கே? வீட்டில் ஏ.சி. இருப்பது எங்கள் படுக்கையறையில் மட்டும்.

"கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழிச்சு எனக்கு ஏ.சி. வந்துச்சு. இதுக்கு வந்த அஞ்சாவது வாரமே வந்துடுச்சு" என்றாள் மனைவி. ஆனால் டிரெஸ்ஸிங் டேபிளை அவளேதான் நகர்த்தினாள்.

ஏ.சி.யை 23-ல் வைத்து, தண்ணீருக்கு மேலாகக் காற்றடிக்கும்படி ஒரு குட்டி ஃபேன் மாட்டினேன். ஹாலிலும் இதே ஃபேன் ஓடியது, பிரயோஜனமில்லை. மண்பானைத் தத்துவம்தான். தண்ணீர் ஆவியானால் குளிரும். ஆனால் சென்னைக் காற்று ஏற்கெனவே ஈரத்தில் நிறைந்துபோயிருப்பதால் ஆவியை வாங்கிக்கொள்ள இடமில்லை. ஏ.சி. அறைக் காற்று வறண்டது. அங்கே அதே ஃபேன் தண்ணீரை 19-க்குக் கொண்டுவந்தது. அதுவும் ஒரே நாளில் அல்ல, இரண்டு மூன்று நாளில் படிப்படியாக. தடாலென்று குளிரவைத்தால் அதுவே ஓர் அதிர்ச்சி. கரெண்ட் போனால், ஃப்ரீஸரில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் தொட்டியில் மிதக்கவிடவேண்டும். இதற்காகவே மூன்று பாட்டில்கள், ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில். இ.பி. பில் வந்த தினத்தைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை.

நாலாவது நாள் வாலின் கொக்கி நேரானது.

இனி சாப்பாடு. "மண்புழுதான் இதுக்கு முழுச் சாப்பாடு. மத்ததெல்லாம் டிபன்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரோட்டோர மண்ணிலிருந்து தோண்டக்கூடாது, மருந்து அடித்திருப்பார்கள். மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஆபீஸ் நண்பர், தன் உரக் குப்பையிலிருந்து ஒரு கைப்பிடி சிவப்புப் புழு கொடுத்தார்.

நான் பிறந்ததிலிருந்து சைவம். கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு புழுவுக்கு முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சமையல்கட்டுப் பக்கம் வரக்கூடாது என்று சட்டம் போட்டவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "குடுங்க இப்படி" என்று வாங்கி, அவரைக்காய் நறுக்குகிற மாதிரி நறுக்கிவிட்டு, கை கழுவிக்கொண்டு போனாள். அந்தக் கத்திரிக்கோல் அன்றிலிருந்து பால்கனியில் தனி ஆணியில் தொங்குகிறது.

விளக்கை அணைத்து, அந்தி நேரத்தில், முனை மழுங்கிய இடுக்கியில் ஒரு துண்டைப் பிடித்து பீமாவின் மூக்குக்குப் பக்கத்தில் ஆட்டினேன். இதற்குப் பார்வை சுமார். மோப்பமும் அசைவும்தான் துப்பு. மெதுவாகத் தலை திரும்பியது. லபக்! எனக்கு விசில் அடிக்கவேண்டும் போல இருந்தது. அடுத்த விநாடி, 'த்தூ' என்று துப்பிவிட்டது.

உரக் குப்பையில் இருக்கும் அந்தச் சிவப்புப் புழு, பயந்தால் கசப்பான நீரைக் கக்குமாம். யாருக்கும் பிடிக்காது. பிறகு தாம்பரம் பக்கம் மண்புழு உரம் தயாரிக்கும் ஒருவரிடம் ஆப்பிரிக்க மண்புழு கிடைத்தது. கொழுகொழுவென்று, ஊதா மினுமினுப்போடு. வெளிநாட்டுக்காரர்கள் புழுவை ஃப்ரிட்ஜில் வைத்தால் மாசக்கணக்கில் தாங்கும் என்று எழுதியிருந்ததை நம்பி, மூடி போட்ட டப்பாவில், ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், கொத்தமல்லிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். விடிந்து பார்த்தால் எல்லாம் காலி. அவர்கள் ஊர்ப் புழு குளிர் தாங்கும். இது ஆப்பிரிக்காவின் வெப்பப் பிரதேசத்துப் புழு, தாங்காது. இந்தத் தகவலை நான் தெரிந்துகொண்ட அதே நிமிஷத்தில் மனைவி கொத்தமல்லி எடுக்க வந்தாள். அந்த உரையாடலையும் விட்டுவிடுகிறேன்.

அடுத்த தவணைப் புழுக்கள் பால்கனியில் மண்சட்டி, தேங்காய் நார்த் தூள், ஈரச் சாக்கு என்று சௌகரியமாகக் குடியேறின. பீமா முதல் துண்டை விழுங்கிவிட்டு, இரண்டாவதற்குத் தானாகவே தலையைத் திருப்பியது. மூன்றாவது துண்டை நான் நீட்டும்போது டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. பட்டினி கிடந்த வயிற்றில் விருந்து வைக்கக்கூடாது. நகக்கண் அளவில் சின்னச் சின்னத் துண்டு, தினமும். வாரம் ஒரு முறைதான் எடை. தினமும் நிறுத்தால் அதற்கும் அவஸ்தை, நமக்கும் பைத்தியம் பிடிக்கும். தின்னாத துண்டைப் பதினைந்து நிமிஷத்தில் எடுத்துவிடவேண்டும்.

முதல் வாரம் 68. இரண்டாவது வாரமும் 68. இறங்கவில்லை என்பதே சந்தோஷம். மூன்றாவது வாரம் 70. ஐந்தாவது வாரம் 75. செவுள்களில் முடி முளைக்க ஆரம்பித்தது. பெரிய தொட்டியில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர ஆறு வாரம் ஆயிற்று. தினமும் சொட்டு விட்டுக் குலுக்கி, மஞ்சளா பச்சையா என்று ஜன்னலோரம் நின்று பார்த்ததில், பக்கத்து ஃப்ளாட்காரர் எனக்குச் சர்க்கரை வியாதி என்று முடிவு கட்டி, நாவல் கொட்டைப் பொடி கொண்டுவந்து கொடுத்தார். ஜூலையில் பீமா பெரிய தொட்டியோடு படுக்கையறையிலேயே நிரந்தரவாசியானது. 90 தாண்டியதும் தினசரிச் சாப்பாட்டை நிறுத்தி, வாரத்துக்கு மூன்று நாள் என்று குறைத்தோம். தலையைவிட வயிறு அகலமானால் அதுவும் வியாதிதான். இதை டாக்டர் சொல்லும்போது என் பெல்ட்டை ஏன் பார்த்தார் என்று தெரியவில்லை.

பையனிடம் கடைசிவரை சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் முகத்தை மட்டும் காட்டினேன். 88-க்கு வந்த வாரம் முதல் தடவையாக முழு உடம்பையும் காட்டினேன். "கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கே மாமா?" என்றான். "கேமரா அப்படி" என்றேன். "ஆமா மாமா, கேமரா அப்படித்தான்" என்று உடனே ஒத்துக்கொண்டான்.

செப்டம்பர் மூன்றாவது வாரம், விடியற்காலை மூன்று மணி ஃபிளைட்டில் வந்தான். நேராக எங்கள் வீட்டுக்குத்தான். கதவைத் திறந்த மனைவி, "வாடா" என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லவில்லை. சட்டை அவன் மேல் இல்லை, ஹாங்கரில் தொங்குகிற மாதிரி இருந்தது. கழுத்தெலும்பு இரண்டும் தனியாகத் தெரிந்தன. தலை மட்டும் பெரிதாக.

சிரித்தான். "நல்லா இருக்கேன் அத்தை."

பீமாவைப் போய்ப் பார்த்தான். குனிந்து மேலிருந்து பார்த்தான், பக்கவாட்டில் பார்த்தான். தெரிந்தவன் பார்க்கிற பார்வை. பிறகு ஃபில்டரைப் பார்த்தான்.

"ஸ்பாஞ்சைக் கழுவினீங்களா மாமா?"

"ஏப்ரல்லயேடா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். 68-ஐயும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, ப்ராஜெக்ட் ஜூன் மாசமே ஊற்றிக்கொண்டதையும், ராத்திரி பகலாக உட்கார்ந்ததையும், தினம் மூன்று வேளை பிரெட்டும் நூடுல்ஸுமாக ஓட்டியதையும், ஜூலைக்குப் பிறகு அதுவும் இறங்காததையும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஏண்டா சொல்லலை?"

"நீங்க கவலைப்படுவீங்கன்னுதான்."

மனைவி அடுப்பைப் பற்றவைத்தாள். மணி நாலேகால். அவன் தட்டில் ஒரே ஒரு சின்ன இட்லி, கொஞ்சம் பருப்புப் பொடி வைத்தாள். நான், "பாவம், பசியோட வந்திருக்கான், நாலா வையேன்" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க. எட்டு மணிக்கு இன்னொண்ணு வைப்பேன்" என்றாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சமையல்கட்டு வாசலில் நின்று, மெதுவாகக் கேட்டாள்:

"ஏங்க, ஆள் எடை பார்க்கற மிஷின் எங்கே கிடைக்கும்?"